கனமான வண்டி முதலில்

"அந்த ஃபிரிட்ஜையும் இறக்கு."

"அதுவுமா? போன வாரம் எண்டெல் இதைவிடப் பெரிசா ரெண்டு ஏத்திக்கிட்டுப் போனாரு. அப்ப உங்க கண்ணு எங்க போயிருந்துச்சு?"

"போன வாரத்து ஐஸ் வேற, இன்னைக்கு ஐஸ் வேற. பலகையைப் படி. படிக்கத் தெரியும்ல? கரையிலேர்ந்து வந்த படிச்ச பொண்ணுதானே நீ."

மாரெத் பலகையைத் திரும்பிப் பார்க்கவில்லை. வந்து நின்றபோதே பார்த்துவிட்டாள். நேற்றுவரை இரண்டரை டன் என்றிருந்த இடத்தில் இன்று இரண்டு என்று தகடு தொங்கியது. அதை மாட்டியவர்தான் எதிரே நின்றுகொண்டிருந்தார். ஹெல்டுர், அவள் கணவனுடைய அண்ணன். கோடையில் அவர் படகுத்துறையில் கயிறு பிடிக்கும் ஆள், அவ்வளவுதான். கடல் உறைந்து, ஃபெர்ரி துறையோடு ஒட்டிக்கொண்டதும், தீவிலிருந்து கரைக்குப் போக உறைந்த கடல்மேல் போட்ட சாலை ஒன்றுதான் வழி. அந்தச் சாலையின் கேட் அவர் கையில். பனிக்காலம் முழுக்கத் தீவின் வாசற்சாவி அவருடைய ஆரஞ்சு மேலங்கியின் பையில் கிடப்பதுபோல.

வேனின் பின்கதவு திறந்து கிடந்தது. கட்டில் சட்டங்கள், மெத்தை, பாத்திரப் பெட்டிகள், மகள் லூலெயின் சைக்கிள் என்று அவளுடைய பத்து வருஷக் குடித்தனம் ஒவ்வொன்றாக இறங்கிப் பனியில் உட்கார்ந்திருந்தது. வெளியே வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தபோது எல்லாமே அவள் நினைத்திருந்ததைவிட அழுக்காக, சின்னதாகத் தெரிந்தன. வீடு என்பது சுவர் இருக்கும்வரைதான் போலும்.

அவளுக்குப் பின்னால் இரண்டே வண்டிகள் நின்றன. முதலாவது வைக்கெயின் சிவப்பு நிறச் சின்னக் கார். வைக்கெ தீவின் தபால்காரி. பின் இருக்கை முழுக்க மூட்டையும் பார்சலுமாக ஜன்னல்வரை நிறைந்திருந்தது. அடுத்தது கடைக்கார எண்டெலின் கார். எண்டெல் குளிரைப் பொருட்படுத்தாமல் வெளியே இறங்கி, சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு, இறங்கிய சாமான்களைக் கண்காட்சி பார்ப்பதுபோல் சுற்றி வந்தார்.

"மெத்தையை இங்கயே விட்டுட்டுப் போறியா மாரெத்? நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒரு பக்கம் மட்டும்தான் பள்ளமா இருக்கு."

"உங்களுக்கு வேணும்னா எடுத்துக்குங்க. அந்தப் பள்ளத்துல உங்களைப் போட்டுப் புதைக்கலாம்."

"அட, நான் என்ன தப்பா சொன்னேன்? புருஷன் கப்பல்ல, பொண்டாட்டி கட்டில்ல. பள்ளம் ஒரு பக்கம்தானே விழும்." எண்டெல் ஹெல்டுரைப் பார்த்துக் கண்ணடித்தார். ஹெல்டுர் சிரிக்கவில்லை. வேனின் சக்கரங்களுக்கு அடியில் கிடந்த எடைத்தட்டுகளின் முள்ளைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் கனமாத்தான் இருக்கு. ஃபிரிட்ஜ்."

மாரெத் ஃபிரிட்ஜை நெஞ்சோடு அணைத்து இழுத்தாள். ஒருவரும் கை கொடுக்கவில்லை. அது ஓரத்தில் தட்டி, சரிந்து, பனியில் முகம் குப்புற விழுந்தது. உள்ளே ஏதோ கண்ணாடி உடையும் சத்தம். ஊறுகாய் போட்ட வெள்ளரிக்காய் ஜாடியாக இருக்கும். எடுத்து வைக்க மறந்திருந்தாள்.

தெற்கிலிருந்து காற்று வந்துகொண்டிருந்தது. மிருதுவான, ஈரமான, கெட்ட காற்று. நான்கு நாளாக அதுதான் வீசுகிறது. பனிப்பாளத்தின்மேல் ஆங்காங்கே நீர் தேங்கி, வானத்தின் துண்டுகளைக் கீழே கிடத்தியதுபோல் மின்னியது. சாலையின் இரு ஓரமும் எல்லை காட்ட நட்டிருந்த ஜூனிப்பர் செடிகளில் பாதி சாய்ந்துவிட்டன. இன்றோடு சாலையை மூடிவிடுவார்கள் என்பது தீவில் நாய்க்கும் தெரியும். மூடிவிட்டால் பனி உடைந்து ஃபெர்ரி ஓடும்வரை யாரும் எங்கும் போக முடியாது. சில வருஷம் அது மூன்று வாரம் ஆகும், சில வருஷம் ஐந்து.

அடுத்த வாரம் கரையில், பார்னு நகரத்தில் கோர்ட்; லூலெ யாரிடம் வளர்வது என்ற வழக்கு. அவள் கணவன் தானெல் கப்பலிலிருந்து நேராக அங்கே வந்துவிடுவான். மாரெத்தின் வக்கீல் போனில் சொன்னது ஒன்றுதான்: "குழந்தை எங்க இருக்குன்னுதான் ஜட்ஜ் முதல்ல கேப்பாரு. உங்க கூட இருக்கணும். உங்க கையில ஒரு வேலையும் இருக்கணும். குழந்தையைத் தீவுல விட்டுட்டு நீங்க மட்டும் வந்து நின்னா, விட்டுட்டு வந்தவள்னு அவங்க எழுதிடுவாங்க. அப்புறம் நான் வாயைத் திறந்தும் பிரயோசனமில்லை."

வேலை இருந்தது. பார்னுவில் ஒரு பின்னல்கூடம் அவளை எடுத்துக்கொள்ளச் சம்மதித்திருந்தது, அவள் தன்னுடைய மெஷினோடு வந்தால். குழந்தையும் இருந்தது. வேனின் முன்சீட்டில் உட்கார்ந்து, சாக்லேட் தடவிய பாலாடைக்கட்டியைக் காகிதத்தோடு பிடித்துக் கடித்துக்கொண்டிருந்தது. ஒன்பது வயது. அவர்கள் எங்கே போகிறார்கள் என்று அதற்கு இன்னும் முழுசாகச் சொல்லவில்லை. சித்தி வீட்டுக்கு என்று சொல்லியிருந்தாள். ஊருக்கும் அப்படித்தான் சொல்லியிருந்தாள். சித்தி வீட்டுக்குப் போகிறவள் எதற்குக் கட்டிலைக் கொண்டுபோகிறாள் என்று கேட்க ஊருக்குத் தெரியாதா?

"சித்தி வீட்டுல படுக்க எடம் இல்லையா?" என்று ஹெல்டுர் கேட்டார்.

"இல்ல."

"சமைக்கப் பாத்திரம் இல்லையா?"

"ஹெல்டுர், எல்லாத்தையும் இறக்கிட்டேன். முள்ளைப் பாருங்க."

அவர் பார்த்தார். மெதுவாகப் பார்த்தார். குளிரில் தாடியில் படிந்த நீரைப் புறங்கையால் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "உள்ள அந்தப் போர்வைக்கு அடியில என்ன?"

"பின்னல் மெஷின்."

"ஓ." அவர் நிமிர்ந்தார். "சித்திக்கு ஸ்வெட்டர் பின்னப் போற."

எண்டெல் மூக்கால் சிரித்தார்.

"அது இறங்காது" என்றாள் மாரெத்.

"ஐஸ்கிட்ட சொல்லு. நானா கனம் பாக்கறேன்? கீழ இருக்கிற தண்ணிதான் பாக்குது." அவர் குரலை உயர்த்தவேயில்லை. "எங்க அம்மா வீட்டுலேர்ந்து ஒவ்வொண்ணா எடுத்து ஏத்தும்போது எதுவும் கனக்கல. இங்க வந்ததும் கனக்குதா? அம்மா ஜன்னல்ல நின்னு பாத்துக்கிட்டிருந்தாங்களாம். பேத்தி ஒரு முத்தம்கூடக் குடுக்காம வண்டியில ஏறிச்சாம். அதுக்கு என்ன சொல்லிக் குடுத்து வச்சிருக்க?"

"நான் ஒண்ணும் சொல்லிக் குடுக்கல."

"பொய்தானே சொல்லிக் குடுத்திருக்க. சித்தின்னு."

முன்சீட்டில் லூலெ கடிப்பதை நிறுத்திவிட்டு இந்தப் பக்கம் பார்த்தது.

அப்போதுதான் மாரெத்துக்குள் ஏதோ அறுந்தது. விடிந்ததிலிருந்து தூக்கிய கனம் எல்லாம், பத்து வருஷமாக மாமியார் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் விழுங்கிய பேச்செல்லாம் ஒன்றாக மேலே வந்தது. அவள் நீங்க என்பதை விட்டாள்.

"உனக்கு எதுக்கு வயிறு எரியுதுன்னு எனக்குத் தெரியாதா? உன் பொண்டாட்டியும் இதே ரோட்டுலதான் போனா. அவ வண்டியை நீ எடைகூடப் போட்டிருக்க மாட்ட. அவகிட்ட என்ன கனம் இருந்துச்சு? நீ குடுத்தது ஒண்ணுமில்லையே. நீ கையால செஞ்ச தொட்டில்ல இப்ப உருளைக்கிழங்குதானே கொட்டி வச்சிருக்க? போ, போய் அதை ஆட்டு. என் புள்ளைய விடு."

தீவில் யாரும் இதைச் சொன்னதில்லை. அந்தத் தொட்டிலை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். நிலவறைக்கு இறங்கும் படிக்கட்டின் அடியில், செதுக்கிய பறவைகளோடு, கிழங்கும் மண்ணுமாக. பார்த்துவிட்டு வேறு பேச்சுப் பேசுவார்கள். எண்டெலுக்குக்கூட சிரிப்பு பாதியில் நின்றது. அந்தப் பாதிச் சிரிப்பு முழுச் சிரிப்பைவிட மோசமாக இருந்தது. வைக்கெ காரின் கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள்.

ஹெல்டுர் கையுறையைக் கழற்றினார், திரும்ப மாட்டிக்கொண்டார். கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். தூரத்தில் பனி தூக்கத்தில் புரண்டு படுப்பதுபோல் ஒரு நீளமான முனகல் எழுந்து அடங்கியது. அவர் திரும்பியபோது அவர் முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் மாரெத் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருந்திருப்பாள்.

"சரிம்மா" என்றார். பத்து வருஷத்தில் அவளை அவர் அம்மா போட்டுக் கூப்பிட்டது அதுதான் முதல்முறை. "மெஷின் இருக்கட்டும். நீ ஏறி உக்காரு. எடை பாக்கலாம்."

மாரெத்துக்கு நாக்கில் கசப்பு ஏறியது. சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடிந்தால் எடுத்திருப்பாள். ஒருவனை எல்லோர் முன்னாலும் உரித்துவிட்டு, அவன் பதிலுக்கு ஒன்றும் சொல்லாமல் நின்றால், உரித்தவளுக்குக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரிவதில்லை. அவள் ஏறி உட்கார்ந்தாள்.

"குழந்தை இறங்கட்டும்."

லூலெ இறங்கியது.

"சரியா இருக்கு" என்றார் ஹெல்டுர், முள்ளைக் காட்டி. மாரெத் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பார்த்தாள். உண்மைதான். முள் கோட்டைத் தொட்டும் தொடாமலும் நின்றது. "இப்ப குழந்தை ஏறட்டும்."

லூலெ ஏறியது. முள் கோட்டைத் தாண்டியது. ஒரு குழந்தையின் அளவுக்குத்தான் தாண்டியது.

"ஸ்பேர் டயரை எடுத்துடறேன்."

"அதை அப்பவே எடுத்துட்டியே."

எடுத்திருந்தாள். அது ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் கிடந்தது.

"நான் பிடிவாதம் பண்ணலம்மா. நீயே பாக்கற. ஒண்ணு மெஷின், இல்ல குழந்தை. எதை விட்டுட்டுப் போறன்னு நீயே சொல்லு. வண்டிங்க நிக்குது."

மாரெத் இறங்கி, வேனின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வக்கீலின் குரல் காதில் ஒலித்தது: குழந்தை, வேலை. இரண்டில் ஒன்று மட்டும் இருந்தால் அது ஒன்றுமில்லாததற்குச் சமம். மெஷினை விட்டுப்போனால் வேலையில்லாதவள். மெஷின் நாளைக்கு இங்கே இருக்குமா? மெத்தையையே எண்டெல் இப்போது கால் விரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

வைக்கெ கண்ணாடியை இறக்கினாள். "ஏன் இப்படி நின்னுக்கிட்டிருக்கீங்க, எனக்குக் காலு மரத்துப்போச்சு. புள்ளை என்கூட வரட்டும். முன்சீட்டு காலிதானே? மாரெத் பின்னாலேயே வந்து அந்தக் கரையில இறக்கிவிட்டுடறேன். இதுல என்ன இருக்கு?"

எல்லோரும் ஹெல்டுரைப் பார்த்தார்கள்.

"நல்ல யோசனை" என்றார் அவர். "எனக்குத் தோணவேயில்ல பாரு."

மாரெத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. வைக்கெ தீவில் யாருக்கும் கெடுதல் நினைத்தவளில்லை. ஒருமுறை மாரெத்தின் அம்மா இறந்த செய்தியோடு வந்த, தந்தி போலிருந்த கடிதத்தைக் கையில் கொடுத்துவிட்டு, அவள் படித்து முடிக்கும்வரை வாசலில் மழையில் நின்றவள். "வைக்கெ அக்கா, உங்களுக்கு நான் எப்படி..."

"எப்படியும் வேண்டாம். கிளம்பு. காத்து மாறுதா பாரு, மாறாது."

லூலெ தன் பையைத் தூக்கிக்கொண்டு சிவப்புக் காருக்குப் போனது. பாதி வழியில் நின்று திரும்பியது. "அப்ப நான் முதல்ல போறேனே? நீ பின்னால வா. நான் உன்னைத் திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே போவேன்."

"கனமான வண்டிதான் முதல்ல, லூலெ. உனக்குத் தெரியாதா?" என்றாள் மாரெத்.

அது தீவில் பால் குடிக்கும் வயசிலேயே தெரிந்துவிடும். ஒவ்வொரு வண்டி போகும்போதும் பனி களைத்துப்போகும். களைத்த பனிமேல் கனத்தை ஏற்றக்கூடாது. ஓய்வெடுத்து எழுந்த பனிமேல் ஏற்ற வேண்டும். அதனால் கனமானது முன்னால், லேசானது பின்னால். எந்தச் சட்டத்திலும் இது இல்லை. ஆனால் அவள் பார்த்த பத்துப் பனிக்காலத்தில் ஒருத்தரும் இதை மாற்றி ஓட்டியதில்லை. அவளும் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால், குழந்தையை முதலில் அனுப்பு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், எண்டெல் சிரித்திருப்பார், வைக்கெ முகம் சுளித்திருப்பாள், ஹெல்டுருக்கு மறுக்கவும் காரணம் கிடைத்திருக்காது. பத்து வருஷத்தில் அவள் எவ்வளவு தீவுக்காரியாகிவிட்டாள் என்பது அவளுக்கே தெரியவில்லை. அந்த இடத்தில் அவள் பெருமையாகக்கூட உணர்ந்தாள், குழந்தைக்கு முறை சொல்லிக் கொடுப்பதாக.

"பெல்ட்டைக் கழட்டு" என்றார் ஹெல்டுர் ஜன்னலில் குனிந்து. உறைகடலில் பெல்ட் போடக்கூடாது. வண்டி இறங்கினால் வெளியே வர வேண்டும். "கதவை லேசாத் திறந்து வச்சுக்க. மெதுவாப் போனா நடை வேகம், இல்லன்னா நல்ல ஓட்டம். ரெண்டுக்கும் நடு வேகத்துல போகாத, கீழ அலை கிளம்பிடும். நிக்காத. திரும்பாத. நீ மூணாவது கொடியைத் தாண்டினதும் வைக்கெயை விடறேன்."

"ஹெல்டுர்." அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். "நான் சொன்னது... சொல்லியிருக்கக்கூடாது."

"எதை?"

"தொட்டில்."

"உருளைக்கிழங்கு எங்கயாவது கொட்டணும்ல" என்றார் அவர். கேட்டின் குறுக்குக்கட்டை மேலே போனது. விளக்கு பச்சைக்கு மாறியது.

கரையின் சரிவிலிருந்து வேன் பனிமேல் இறங்கியது. திறந்த கதவு வழியாகக் காற்று உள்ளே வந்து முழங்காலைக் கடித்தது. சக்கரங்களுக்கு அடியில் நீர் சளசளத்தது. ஜூனிப்பர் செடிகள் இருபக்கமும் கறுப்பாக ஓடின. ஒரு கணம் அவளுக்கு எல்லாமே சுலபமாகிவிட்டதுபோல் இருந்தது. அந்தக் கரையில் தேவாலயக் கோபுரம் ஊசிபோல் தெரிந்தது. அதற்கப்பால் பஸ் நிலையம், பார்னு போகும் தார்ச்சாலை, ஒரு அறை, அறையில் மெஷின், மெஷின் சத்தத்தில் தூங்கும் குழந்தை. தானெல் என்ன சொல்வான் என்றுகூட அவள் நினைக்கவில்லை. சாமான் போனால் போகட்டும். வண்டி லேசாக இருந்தது. அவளும் லேசாக இருந்தாள்.

முதல் கொடி போனது. இரண்டாவது போனது. மூன்றாவதைத் தாண்டினாள்.

கண்ணாடியில் பார்த்தாள். கேட்டுக்கு அந்தப்பக்கம் சிவப்புப் புள்ளி அப்படியே நின்றது. சரி, இப்போது கிளம்பும். கொஞ்சம் தள்ளிப் பார்த்தாள். நின்றது. கட்டை கீழே இருந்தது. வைக்கெ எஞ்சினைக் கிளப்பத் தடுமாறுகிறாள் போல. இன்னும் கொஞ்சம் போய்ப் பார்த்தாள். கட்டைக்கு மேலே, பச்சை இருந்த இடத்தில், விளக்கு சிவப்பாக எரிந்தது.

போனை எடுத்து ஹெல்டுருக்கு அடித்தாள். உடனே எடுத்தார், கையிலேயே வைத்திருந்ததுபோல.

"வைக்கெ ஏன் வரல?"

"ரோடு மூடியாச்சு."

"என்ன?"

"நீ போன தடத்துல தண்ணி மேல வந்துடுச்சும்மா. துளை போட்டுப் பாத்தேன். மூடியாச்சு. அந்தக் கரைக்கும் சொல்லிட்டேன், அங்கயும் சிவப்பு போட்டுட்டாங்க. நீதான் கடைசி வண்டி. பத்திரமாப் போ."

"ஹெல்டுர், குழந்தை அங்க இருக்கு."

"இருக்கு. கண்ணால பாத்துக்கிட்டுதான் இருக்கேன். குளிருது அதுக்கு. எங்க அம்மா வீட்டுல சூப் இருக்கும்."

"அவ கார் ஒரு பறவைக் கூடு அளவுகூடக் கனக்காது. என்னை விட்ட ஐஸ் அவளை விடாதா? நீ வேணும்னு பண்ற. நீ முன்னாடியே நினைச்சுட்ட."

"இல்ல" என்றார். அது உண்மையாகக்கூட இருக்கலாம். "நீ சரிவுல இறங்கினப்பதான் நினைச்சேன்."

வேன் ஓடிக்கொண்டிருந்தது, ஓட வேண்டியிருந்தது. "நான் மன்னிப்புக் கேக்கறேன். எல்லார் முன்னாடியும் கேக்கறேன். திரும்பி வந்து முழங்கால் போட்டுக் கேக்கறேன். அந்தக் கட்டையை ஒரு தடவை தூக்குங்க. ஒரே தடவை."

"நீ திரும்ப முடியாதேம்மா. உனக்குத் தெரியாதா? அடுத்த வாரம் கோர்ட்டுல ஜட்ஜ் கேப்பாராமே, குழந்தை எங்கன்னு. தானெல் சொன்னான். கரையில ஒரு அம்மா, தீவுல ஒரு குழந்தை. என்ன சொல்லப் போற? கனமா இருந்துச்சு, இறக்கி வச்சுட்டு வந்தேன்னு சொல்லு. எண்டெல் சாட்சி சொல்வான். நீ மெஷினையா குழந்தையையான்னு யோசிச்சு நின்னதை அவனும் பாத்தான்."

போன் அணைந்தது.

அவள் திரும்பவும் அடித்தாள். எடுக்கவில்லை. கண்ணாடியில் தீவின் கரை ஒரு கறுப்புக் கோடாகச் சுருங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கோட்டில் சிவப்பாக ஒரு மணி. அது விளக்கா காரா என்று இப்போது தெரியவில்லை.

நின்றால் என்ன ஆகும் என்று தீவில் யாரையும் கேட்க வேண்டியதில்லை. நின்ற வண்டிக்குக் கீழே பனி கிண்ணம்போல் தொய்யும், கிண்ணத்தில் தண்ணீர் சேரும், பிறகு கிண்ணம் உடையும். நல்ல குளிரில் அதற்கு நேரம் பிடிக்கும். இந்தக் காற்றில் எவ்வளவு பிடிக்கும் என்று யாருக்கும் தெரியாது. பார்த்தவர்கள் வந்து சொல்லவில்லை. திரும்பலாம் என்றால் செடிகளுக்கு வெளியே போய் வளைக்க வேண்டும். செடிகளுக்கு வெளியே யாரும் துளை போட்டுப் பார்த்ததில்லை. அவளுக்கே தெரியாமல் அவள் கால் அழுத்தத்தைக் குறைத்தது. வேன் நடைக்கும் ஓட்டத்துக்கும் நடுவில் வந்தது. உடனே அடியில் ஒரு மெல்லிய அசைவு, யாரோ மேசைத்துணியை உதறுவதுபோல், வண்டிக்கு முன்னால் கடந்து போயிற்று. எங்கோ இடப்பக்கம் பனி பளீரென்று ஒரு கோடு விட்டது. அவள் பதறிக் காலை அழுத்தினாள். உடம்புக்கு முறை தெரிந்திருந்தது. அதுதான் அவளை முன்னால் கொண்டுபோயிற்று, குழந்தையிடமிருந்து விலக்கி, நேராக, சீராக.

பின்னால் போர்வைக்கு அடியில் மெஷின் ஒவ்வொரு குலுக்கலுக்கும் ஊசிகள் கலகலக்கச் சிரித்தது.

போன் அடித்தது. ஹெல்டுர் என்று பாய்ந்து எடுத்தாள். வைக்கெ.

"மாரெத், சிவப்பு போட்டுட்டாரும்மா. நான் என்ன பண்ணுவேன், சொல்லு?" வைக்கெ மூக்கை உறிஞ்சினாள். "கத்திப் பாத்துட்டேன். கேட்டா துளையைக் காட்டறாரு. தண்ணி இருக்கு, இல்லன்னு சொல்ல முடியல."

"அக்கா, கட்டையைச் சுத்தி வாங்க. ஓரமா இறங்க வழி இருக்கு, படகு இழுக்கற வழி. வாங்க அக்கா. உங்க வண்டியைத் தாங்கும்."

"சிவப்புல நான் எப்படிம்மா இறங்குவேன்? என் வயசுக்கு நான் ஒரு தடவைகூட... அதுவும் உன் புள்ளையை வச்சுக்கிட்டு. நாளைக்கு ஏதாவது ஆனா என் முகத்துல யாரு முழிப்பாங்க? கோவப்படாத. நான் பாத்துக்கறேன் அவளை. தினம் போய்ப் பாக்கறேன். ஃபெர்ரி ஓடட்டும், முதல் ஃபெர்ரியில நானே கூட்டிட்டு..."

"ஃபெர்ரி ஓடறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடும் அக்கா!"

"கத்தாத. புள்ளை கேக்குது. இரு, இரு, புடுங்காத லூலெ, குடுக்கறேன்..."

ஏதோ உரசியது. ஒரு கார்க் கதவு சாத்தும் சத்தம். பிறகு காற்று, அவள் ஜன்னலில் அடிக்கும் அதே காற்று. அதற்குள்ளிருந்து மூச்சு வாங்கும் ஒரு சின்னக் குரல்.

"அம்மா? நாம சித்தி வீட்டுக்குப் போகலல்ல? பெரியப்பா சொன்னாரு. பரவாயில்ல, எனக்குக் கோவமில்ல. அவரு என்னை சூப் குடிக்க வான்னு கூப்பிடறாரு, நான் கையை உதறிட்டு வந்துட்டேன். உன் வண்டி எனக்கு நல்லாத் தெரியுது. சின்னதா, வெள்ளையா. ரொம்ப தூரம் இல்ல. கட்டைக்கு அடியில நான் பூந்துடுவேன், குனியக்கூட வேண்டாம். நான் வேகமா ஓடுவேன், உனக்குத் தெரியும்ல? நீ போயிக்கிட்டே இருந்தாத்தான் என்னால பிடிக்க முடியாது. நிறுத்தும்மா. அங்கயே நிறுத்திட்டு எனக்காக நில்லு."